செல்போன் அளவை நம்பி வரப்பை வெட்டலாமா?

நெற்குப்பை வட்டாரத்தில் வயலைச் செல்போனில் அளந்து பார்க்கும் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வயல் காலையில் ஓர் அளவும் இரவில் வேறோர் அளவும் காட்டக்கூடும். ஏன்?

சுமார் 20,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டே செல்போன் இடத்தைக் கணக்கிடுகிறது. அவ்வலைகள் அயனி மண்டலத்தைக் கடந்து வருகின்றன. சூரியனில் பெரும் வெடிப்பு நேர்ந்தால் இம்மண்டலம் கலங்குகிறது, அலை வந்து சேரும் நேரம் மாறுகிறது, கணக்கு பிசகுகிறது. 2024 மே 10, 11 தேதிகளில் வீசிய புயலால், அமெரிக்காவில் மக்காச்சோள விதைப்பில் செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடிய பல டிராக்டர்கள் நிறுத்தப்பட்டன.

பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. ஆகவே புயலில்லாத நாளிலும், பொழுது சாய்ந்தபின் நள்ளிரவு வரை நம் வானில் இக்கலக்கம் வருவதுண்டு. பங்குனி, புரட்டாசியை ஒட்டி இது அதிகம்.

திருநெல்வேலியிலுள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவன ஆய்வுக்கூடம் இதை அளந்து வருகிறது. விமானங்களுக்கான 'ககன்' திட்டம் 15 தரை நிலையங்களில் பிழையைக் கணித்துத் திருத்தம் அனுப்புகிறது.

கவனிக்க வேண்டியவை:

1. 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலமுள்ள வயல் ஏறக்குறைய 25 சென்ட். நீளத்தில் 4 மீட்டர் பிசகினால் இரண்டரை சென்ட் கூடிவிடும்.

2. உரம், விதைக் கணக்குக்கு மட்டும் செல்போன் அளவு போதும். அதையும் இரு வேறு நாட்களில், காலையில் எடுக்கவும்.

3. எல்லைத் தகராறுக்கு நில அளவரும் புலப்படமும் அளவுக்கல்லுமே ஆதாரம். அதற்குமுன் வரப்பில் மண்வெட்டி வைக்க வேண்டாம்.