மாண்டலின் வாங்கப் போறீங்களா? முதல்ல முதுகைப் பாருங்க

மாண்டலின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது யு. ஸ்ரீநிவாஸ்தான். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சின்னப் பையனாவே மேடை ஏறி, 2014-ல் 45 வயசிலேயே சென்னையில் மறைந்தவர். ஆனா "கிளாசிக்கல் மாண்டலின்"னு இணையத்துல தேடிப் பாருங்க. பூசணிக்காயைப் பாதியா வெட்டிக் கவிழ்த்த மாதிரி முதுகோட, கையால் செய்த ஜெர்மன் வாத்தியங்கள் வரும். ரெண்டுமே கிளாசிக்கல்தான். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை வாங்கினா பணம் போச்சு.

எந்த கிளாசிக்கல்?

ஜெர்மன் வகை மேற்கத்திய இசைக்கானது. அகலமான தண்டி, ஆழமான முதுகு, கூர்மை குறைந்த உருண்டையான நாதம். ரெண்டு ரெண்டா நாலு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. வயலின் மாதிரி ஜி-டி-ஏ-ஈ சுருதி. விவால்டி இதுக்காக கான்செர்ட்டோ எழுதியிருக்கார். பீத்தோவன் 1796-ல் பிராக் நகரில் சின்னச் சின்ன உருப்படிகள் எழுதினார். ஜெர்மனியின் வுப்பர்டாலில் மாண்டலினுக்குன்னே பேராசிரியர் பதவி இருக்கு.

ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின். எட்டுக் கம்பியை விட்டுட்டு, ஒற்றைக் கம்பியா ஐந்து போட்டார். ஏன்? நாம முதல் வருஷம் படிச்ச இயற்பியல்தான் பதில்.

கமகத்துக்குக் கம்பியை மெட்டு மேலேயே பக்கவாட்டில் இழுக்கணும். இழுத்தா இழுவிசை கூடும், சுருதி ஏறும். ஜோடிக் கம்பியில் ரெண்டும் ஒரே அளவு நகராது. ஒண்ணு 440 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 443 ஆச்சுன்னா, நொடிக்கு 3 தடவை சத்தம் ஏறி இறங்கும். தோடி வாசிக்க உட்கார்ந்தா காது கூசும். போதாததுக்கு ரெண்டு கம்பியை இழுக்க ரெண்டு மடங்கு பலம் வேணும். இன்னொரு விஷயம், மாண்டலின் நாதம் சீக்கிரம் அடங்கிடும். மேற்கத்திய வாசிப்பில் மீட்டுகோலை வேகமா முன்னும் பின்னும் ஓட்டி அதை நீட்டுவாங்க. கர்நாடக இசைக்கு மின்சாரம் அந்த நீளத்தைத் தருது.

ஆக, கீர்த்தனை வாசிக்கப் போறீங்கன்னா உருண்டை முதுகு வேண்டாம். விவால்டிதான் ஆசைன்னா மேலே படிங்க.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை

1. தண்டியை ஒரு கண்ணை மூடி நேராப் பாருங்க. எட்டுக் கம்பியும் சேர்ந்து ஓர் ஆளின் எடை அளவுக்கு இழுக்கும். பழைய வாத்தியம் பலதில் தண்டிக்குள்ள சரிசெய்யும் இரும்புக் கம்பி கிடையாது. வளைஞ்சா வளைஞ்சதுதான்.

2. மேல் பலகையில், ஒலித்துளைக்கும் குதிரைக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கான்னு ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பாருங்க. குதிரைக்குப் பின்னால் ஒரு மடிப்பு இருந்தா பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்வாங்க.

3. 12-வது மெட்டுக்கு மேலே கம்பியை லேசாத் தொட்டு மீட்டுங்க. அடுத்து அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்க. போன் டியூனரில் ரெண்டும் ஒண்ணா வரணும். அழுத்தினது ஏறி வந்தா குதிரையைப் பின்னால் தள்ளுங்க, இறங்கி வந்தா முன்னால். குதிரை ஒட்டினது இல்ல, நகரும். அதனால இது பழுதாகாது. தள்ளியும் சரியாகலைன்னா வாத்தியத்தை வச்சுட்டு வந்துடுங்க.

4. முதுகில் பட்டை பட்டையா ஒட்டியிருக்கும் மரத் துண்டுகளின் இணைப்பை விரலால் தடவுங்க. விரிசல் இருந்தா தட்டும்போது கரகரன்னு கேட்கும்.

கம்பி மாத்தும்போது கடையில் கிடைக்கிற தடிமனான கம்பியைப் போட்டுடாதீங்க. இந்த உடம்பு அதைத் தாங்காது.

நம்ம ஊருக்கு ஒரு வார்த்தை

கைவினைஞர்கள் பலர் இன்னும் வஜ்ஜிரம் போட்டுத்தான் ஒட்டுறாங்க. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் சீவித் தள்ளுற சவ்வும் துண்டும் பசை காய்ச்சவும் போகுது. இந்தப் பசையில் ஒரு நல்லது: சூடும் ஈரமும் காட்டினா இளகும். அதனால ரிப்பேர் பண்ணறவர் மரத்தை உடைக்காம பிரிச்சு ஒட்டலாம். கெட்டதும் அதேதான். மே மாசம் வேலூர் வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது, மூடின காருக்குள்ள வாத்தியத்தை விட்டுட்டுப் போனா இணைப்பு விட்டுடும்.

உருண்டை முதுகு மடியில் நிக்காது, வழுக்கும். ஐரோப்பாவில் மெல்லிய தோல் துண்டை மடியில் விரிச்சு அது மேல வச்சு வாசிக்கிறாங்க. நமக்கு அதுக்கா பஞ்சம்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யற சொந்தக்காரர் யாரையாவது கேளுங்க. சாயம் போடாத துண்டா வாங்குங்க, இல்லைன்னா நிறம் வார்னிஷில் ஒட்டிக்கும்.

கடைசியா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுடுங்க: "இது விட்டுப்போனா யார் ஒட்டித் தருவாங்க?" பதில் சொல்ல ஆள் இல்லைன்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த வாத்தியம் உங்களுக்கு இல்ல.