கிளாஸ் டீயும் கல்லீரல் கொழுப்பும்

மதுரை கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றி ஸ்கேன் சென்டருக்கும் பஞ்சமில்லை, டீக்கடைக்கும் பஞ்சமில்லை. 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற தாளோடு வெளியே வருபவருக்குக் கடை பெஞ்சிலேயே வைத்தியம் கிடைத்துவிடும். இந்தியாவில் வயதுவந்தோரில் சுமார் 38 விழுக்காட்டினருக்கு இந்தத் தொல்லை உண்டு என்று 2022இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. ஆகவே யோசனைகளுக்கும் நல்ல கிராக்கி.

"கிரீன் டீ கொழுப்பைக் கரைத்துவிடும்."

பாதி உண்மை. தேயிலையில் உள்ள கேட்டச்சின்கள், குறிப்பாக இ.ஜி.சி.ஜி., கல்லீரல் செல்லில் ஏ.எம்.பி.கே. என்ற நொதியைத் தூண்டுகின்றன. செல்லின் எரிபொருள் இருப்பைக் கண்காணிக்கும் நொதி அது. அது முடுக்கிவிடப்பட்டால் புதுக் கொழுப்பு உற்பத்தி தணியும், இருக்கிற கொழுப்பமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரியும். எலிகளில் இது நன்றாகவே தெரிகிறது. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு நம் கிளாஸில் இருக்காது. குடிப்பதிலும் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் 6 கிலோ குறைத்தால் கல்லீரலில் தெரியும் மாற்றத்துக்கு எந்த டீயும் ஈடாகாது.

"அப்படியானால் அதையே மாத்திரையாகப் போட்டால்?"

இங்கேதான் வம்பு. கிரீன் டீ சாரத்தில் செய்த 'எக்ஸோலைஸ்' என்ற எடைக்குறைப்பு மாத்திரை, கல்லீரலைத் தாக்குவதாகப் புகார் வந்ததால் 2003இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டீயாகக் குடிப்பவருக்கு நாளுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. சேர்கிறது, அதில் பயமில்லை. மாத்திரை வழியாக 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு இன்னும் கூடும்.

"நம்ம பால் டீயில் சத்தே இல்லை."

இருக்கிறது. இலையைப் புளிக்கவைக்கும்போது கேட்டச்சின்கள் தியாஃபிளாவின்களாக மாறுகின்றன. பாலின் கேசீன் புரதம் அவற்றில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பேச வேண்டியது சீனியைப் பற்றி. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம் வரும், நாலு டீக்கு 40 கிராம். அதில் பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும்; ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரல் தலையில்தான் விழுகிறது. குளுக்கோஸுக்கு இருக்கும் கட்டுப்பாட்டுப் படியைத் தாண்டி நேரே உள்ளே நுழைந்து, மிஞ்சியது கொழுப்பாகிறது. கிரீன் டீக்கு மாறியவர் அதில் இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக்கொள்வதையும் பார்க்கிறேன். தேனிலும் ஃபிரக்டோஸ்தான். மாலையில் ஜிகர்தண்டா வேறு. அதைப் பற்றி மதுரையில் இருந்துகொண்டு நான் அதிகம் பேசுவதாக இல்லை.

"கீழாநெல்லி கல்லீரலுக்கான மூலிகை; கொழுப்பையும் பார்த்துக்கொள்ளும்."

கீழாநெல்லிக்கு ஒரு கௌரவமான வரலாறு உண்டு. 1988இல் சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்ற பாருக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த வைரஸைச் சுமந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குப் பரிசோதனையில் வைரஸின் அடையாளம் மறைந்தது; போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் அது வைரஸைப் பற்றிய ஆய்வு. வழக்கமாகக் கீழாநெல்லிச் சாறு குடிக்கும் மஞ்சள் காமாலையும் கொழுப்புக் கல்லீரலும் வேறு வேறு; ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால் குடித்த சாறுக்குப் பெயர் சேர்ந்துவிடுகிறது.

"மூலிகைதானே, கெடுதல் வராது."

கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டு, பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. வேறு கொடியைச் சீந்தில் என்று சாப்பிட்டிருக்கலாம் என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மஞ்சளிலும் இதே கதைதான்: குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைபெரின் கலந்த மாத்திரை வேறு. பின்னதால் கல்லீரல் கெட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு. 'வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று டாக்டர் கேட்டால் நாட்டு மருந்துக் கடைப் பொடியையும் சொல்லுங்கள், முடிந்தால் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.