ஒருநாயகமும் ராஜமுடியும்

ஓசூர், மூக்கண்டப்பள்ளிப் பகுதியினின்று ஒருநாள் யாத்திரையில் ஸேவிக்கலாவது திருநாராயணபுரமாகிற மேல்கோட்டை. எம்பெருமானார் எழுந்தருளியிருந்து திருத்தியருளிய இவ்வபிமான ஸ்தலத்து எம்பெருமானையே, திருவாய்மொழி நான்காம் பத்தின் முதல் பதிகமான ‘ஒருநாயகம்’ பாடுவதாகப் பெரியோர் அநுஸந்திப்பர். அதில் ஆழ்வார், உலகாண்ட மன்னரும் செல்வமிழந்து நிற்கும் நிலையைக் காட்டி, எம்பெருமானைப் பற்றும்படி உபதேசிக்கிறார்.

பங்குனித் திருநாளில் வைரமுடி சாற்றிக்கொண்டு கருடன்மேல் எழுந்தருளும் செல்வப்பிள்ளை, பின்னர் மைசூர் ராஜ உடையார் ஸமர்ப்பித்த ராஜமுடியையும் சாற்றியருளுகிறார். அரசச் செல்வம் நிலையாதாகில், அரசன் கொடுத்த முடியைக் கொண்டாடுவது எங்ஙனே என்னில்: உடையார் அரசு இன்றில்லை, அவர் ஸமர்ப்பித்த முடி நிற்கிறது. தனக்கென்று வைத்தது கழிந்தது; அவனுக்கென்று வைத்தது கைங்கர்யமாய் நின்றது. வைரமுடி ஸேவிக்கச் செல்வோர் இப்பதிகத்தை அநுஸந்தித்தே செல்லுதல் தகுமென்று விண்ணப்பிக்கிறோம்.