படகு ஒயரில் மறைந்திருக்கும் அறுப்பைக் கண்டறிதல்

காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரையுள்ள மீனவர் குப்பங்களின் ஃபைபர் படகுகளில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் செல்லும் ஒயர்கள், மேலுறை கெடாதிருக்கும்போதே உள்ளே உப்பேறி அறுந்துபோவதுண்டு. ஒயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா எனப் பார்ப்பது தொடர்ச்சிச் சோதனை எனப்படும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒயரின் இரு முனைகளையும் விடுவிக்க வேண்டும். இல்லையெனில் வேறு இணைப்பின் வழியே சுற்றிவரும் மின்னோட்டம், அறுந்த ஒயரையும் நல்லதெனக் காட்டக்கூடும். மல்டிமீட்டரை ஒலிக்குறி நிலையில் வைத்து, அதன் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு ஒலிப்பதை உறுதிசெய்தபின், ஒயரின் இரு முனைகளிலும் வைத்து, ஒயரைச் சாண் சாணாக வளைத்துப் பார்க்க வேண்டும். ஒலி விட்டுவிட்டு வரும் இடத்திலேயே பழுது இருக்கும். பெரும்பாலும் அது டெர்மினலை ஒட்டியோ, ஒயர் படகின் விளிம்பில் உராயும் இடத்திலோ அமையும். அடுத்தடுத்த இரு ஒயர்களுக்கிடையே ஒலி வந்தால், அவை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

ஒலியை மட்டும் நம்புவது ஆபத்தானது. மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துவதால், ஒயரின் பல இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது ஒலிக்கும். ஆகவே இணைப்பை மீண்டும் கொடுத்து, விளக்கு எரியும்போது பேட்டரி முனைகளிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ட்டை அளந்து ஒப்பிட வேண்டும்; அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பாதையில் எங்கோ அரிப்பு இருப்பதாகக் கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பச்சை பூத்த செம்பைப் பளபளப்பான பகுதி தெரியும்வரை வெட்டி நீக்கி, ஈயம் பூசிய செம்பு ஒயரால் இணைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூடினால் இணைப்பு உப்புக் காற்றைத் தாங்கும்.