உதவித்தொகை கைக்கு வரும்வரை

வட மாவட்டம் ஒன்றின் அரசுக் கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். பாடத்தோடு உதவித்தொகைப் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எங்களிடம் வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள். அம்மாக்கள் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள்.

இவர்களுக்கான திட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. ஆனாலும் முதல் பருவம் முடிவதற்குள் வகுப்புக்குச் சிலர் நின்றுவிடுகிறார்கள். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் சின்னத் தொகையாகத்தான் இருக்கும்: பஸ் காசு, தேர்வுக் கட்டணம், செருப்பு. ஜூலையில் சேர்ந்த பிள்ளைக்கு உதவித்தொகை வந்துசேரச் சில மாதங்களாவது ஆகும். அந்த மாதங்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அதைத் தாண்டுவதற்கு இந்தப் பொறுப்பில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

சான்றிதழ் வேலை மே மாதத்தில்

பிளஸ் டூ முடிவு வந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். சாதி, இருப்பிடம், வருமானம் மூன்றுக்கும் ஒரே நடையில் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறி வருவதால் சேர்க்கை நேரத்தில் நெரிசல் அதிகம். பல உதவித்தொகைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய்.

எங்கள் அறையில் அதிகம் அலைய வைப்பது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'மு', ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லை. ஒரே பிள்ளை மூன்று ஆளாகிவிடுவாள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது எளிதல்ல. அதில் உள்ளபடி ஆதாரை மாற்றுங்கள், பிறகு வங்கிக்குப் போங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்காகவும் ஆண்டுதோறும் பலர் ஓடுகிறார்கள். அந்தக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்கானது. வருமான வரம்பு கிடையாது. பி.ஏ., பி.எஸ்சி. சேர்ந்தவர்கள் அதற்காகக் கூலியை விட்டு நிற்க வேண்டாம்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

"எல்லாருக்கும் வந்துடுச்சு மேடம், எனக்கு மட்டும் வரலை." மாதம் ஒருவராவது வந்து சொல்வார். பல நேரம் பணம் வந்திருக்கும்; அவர் பார்க்காத கணக்குக்கு வந்திருக்கும். நேரடிப் பணப் பரிமாற்றத்தில் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வாங்கித் திறந்த கணக்காகவும் அது இருக்கலாம். வங்கியில் 'ஆதார் லிங்க் ஆயிருக்கா' என்று மட்டும் கேட்டால் ஆம் என்பார்கள். 'உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வருமா, என்பிசிஐ-யில் பதிவாகியிருக்கிறதா' என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலும் வங்கியின் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளியில் உபயோகித்த கணக்கு 'மைனர்' கணக்காக இருந்தால், பதினெட்டு வயதானதும் புதிதாகக் கையெழுத்துப் போட்டு மாற்ற வேண்டும். முதலாண்டில் பாதிப் பேருக்கு இந்த வயதுதான்.

ஒன்று வாங்கினால் இன்னொன்று போய்விடுமா?

போகாது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது இரண்டும் உண்டு. இவற்றை வாங்குவதால் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைகளுக்குத் தடையில்லை. இதைத் தெரியாமல் பெரிய தொகையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சந்தேகம் கேட்டு வருவார்கள். ஆதிதிராவிடருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு 2021-22 முதல் நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது. அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அடக்கம். திடீரென்று கணக்கில் ஏறிய பணத்தைப் பார்த்ததும் வீட்டில் நகையை மீட்கத் தோன்றும். மூன்றாம் ஆண்டு முடிவில் கட்டணப் பாக்கி என்று சான்றிதழ் நிற்கும்போதுதான் கணக்கு புரியும். கட்டணத்துக்கு எவ்வளவு, பராமரிப்புப் படி எவ்வளவு என்று அன்றே பிரித்துக் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சோறும் இடமும்

விடுதி கிடைத்தால் பாதிக் கவலை தீரும். நலத்துறை விடுதிகளில், 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியவற்றில், தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டிலிருந்து கல்லூரி எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மாணவிகளுக்கு அந்த விதி இல்லை. "பக்கத்து ஊர்தானே, கிடைக்காது" என்று பெண்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள்.

வீட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் காலையில் சாப்பிடுவதில்லை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டி அம்மா வேலைக்குப் போக முடியாது. பள்ளியின் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் நடத்தும் கல்லூரிகளில் 2022 முதல் காலைச் சிற்றுண்டி கொடுக்கிறார்கள். மற்ற கல்லூரிகளில் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. எங்கள் துறையில் ஆசிரியர்கள் மாதம் ஒரு தொகை போட்டு, கேண்டீனில் டோக்கன் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆசிரியர்கள் வாங்குவதும் அதே நிற டோக்கன்தான். யார் காசில் யார் சாப்பிடுகிறார் என்று கேண்டீன்காரருக்கே தெரியாது.

முகூர்த்த நாளும் வருகைப் பதிவும்

முகூர்த்த நாள் காலண்டரைப் பார்த்தால் எங்கள் வருகைப் பதிவேடு புரிந்துவிடும். பையன்களில் பாதிப் பேர் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். ராத்திரி கடைசிப் பந்தி முடிந்து பந்தல்காரரோடு படுத்துவிட்டு, விடிகாலை டிபனுக்கு எழுந்து பரிமாறினால் கையில் கூலியும் ஒரு பொட்டலம் சாப்பாடும் கிடைக்கும். அந்தக் காசில்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்ட வேண்டும். இன்னும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. இரண்டு முகூர்த்தக் கூலி அபராதத்துக்கே போகும். எனவே பருவத் தொடக்கத்திலேயே இன்டர்னல் தேதிகளைக் காலண்டரில் குறித்து, அந்த நாள்களை விட்டு வேலை ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். சனி இரவு வரவேற்பும் ஞாயிறு கல்யாணமும் படிப்பைக் கெடுக்காது. இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியில், சேரும்போதே வேலைக்கு ஏற்ற ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

கேட்கும் விதம்

சக ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வகுப்பில் சுற்றறிக்கையை வாசித்துவிட்டு "எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுந்து நிற்க விரும்பாமல் உதவித்தொகையையே விட்டவர்கள் உண்டு. விவரப் படிவத்தை வகுப்பு முழுவதற்கும் கொடுத்து, எல்லோரிடமும் திரும்ப வாங்கினால் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே போன் செய்யுங்கள். "ஏன் வரலை" என்று அதட்டினால் காய்ச்சல் என்பார்கள். "வேலைக்குப் போறானாம்மா, எதுக்குக் காசு வேணும்?" என்று கேட்டால் அம்மா உடைத்துச் சொல்லிவிடுவார். பல நேரம் அது ஒரு தேர்வுக் கட்டணத் தொகைதான். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பையன் திருப்பூரில் இருப்பான். அங்கே முன்பணம் வாங்கியிருப்பான். அதன்பிறகு கூப்பிடுவது பயனில்லை.

இந்த வேலையை ஓர் ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது. சேர்க்கை நடக்கும் நாள்களில் வாசலில் ஒரு மேசை போட்டு, இரண்டாம் ஆண்டு மாணவிகளை உட்கார வைக்கிறோம். எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு, எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், வங்கியில் யாரிடம் கேட்டால் பதில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. போன ஆண்டு அலைந்து தெரிந்துகொண்டது. என்னிடம் கேட்கக் கூச்சப்படும் தாய், "அக்கா பொண்ணு மாதிரி இருக்கே" என்று அவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொள்கிறார். உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு மேசை இல்லையென்றால் வரும் ஜூனில் போடுங்கள். அதற்கு அரசாணை தேவையில்லை, முதல்வரின் வாய்மொழி அனுமதி போதும்.