முப்பது நாளில் எத்தனை நாள்?

ஆஸ்பத்திரிச் சீட்டில் சர்க்கரையும் பிரஷரும் எழுதியிருக்கும். போன மாதம் முட்டுவலியால் எத்தனை நாள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகவில்லை என்பது எங்கும் எழுதியிருக்காது. கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

கணக்கு வைப்பது எளிது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993 முதல் மக்களிடம் கேட்டுவரும் கேள்விகள்தான் இவை: கடந்த 30 நாளில் உடம்புக்கு முடியாத நாள் எத்தனை? மனசு சரியில்லாத நாள் எத்தனை? இவற்றால் வழக்கமான வேலை நின்றுபோன நாள் எத்தனை? சுவர்க் காலண்டரில் மூன்றுக்கும் மூன்று குறி போட்டுவாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் ஐந்தைக் கவனியுங்கள்: நடமாட்டம், குளியல் உடுப்பு, அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம். உலகெங்கும் பயன்படும் ஈ.க்யூ-5டி வினாப்பட்டியல் கேட்பதும் இந்த ஐந்தைத்தான்.

கேரள எல்லையோரப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் ‘வேதனை’ பெரும்பாலும் மனசுக்கு. மலையாளத்தில் அது உடம்பு வலி. தமிழில் ‘சங்கடம்’ என்றால் தர்மசங்கடம். மலையாள நர்ஸுக்கு அது துக்கம். இரண்டு மொழியும் கலந்து பேசும் வீட்டுப் பாட்டி “வேதனையா இருக்கு” என்றால் வலி மாத்திரை தருவதா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதா? எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட இடம் இல்லை என்றால் அது பெரும்பாலும் மனசு.

இனி வேலைக்கு வருவோம். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில்தான் பலராமபுரம் இருக்கிறது. பலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் தொடங்கிய நெசவு. குழித்தறியில் கால் குழிக்குள், முதுகு வளைந்து, கண் இழையில். கூலி நெய்த துணிக்கு என்பதால் எழுந்திருக்க மனசு வராது. ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்து நாலு எட்டு நடங்கள். பல்பு முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே பாவில் விழும், பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். நாற்பது தாண்டியவர்கள் முதலில் கண்ணைக் காட்டுங்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள்; கண்ணாடி இல்லாதவர்களைவிட அவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. 2018-ல் வெளியான ஆய்வு இது. கண்ணாடிக் கடைக்காரர் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் கண்ணாடி தருவார். அறுந்த இழையைப் பிணைக்கும்போது கண்ணுக்கும் இழைக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு நூலில் அளந்து கையோடு கொண்டுபோங்கள்.

ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு: உட்காருவது முதலாளி போடும் பிச்சை அல்ல. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரரும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் போராடியதன் பலனாக கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது; தமிழ்நாடு 2021-ல். ஆகவே எல்லைக்கு எந்தப் பக்கம் கடை இருந்தாலும் ஸ்டூல் கேட்கலாம். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியவருக்கு, டாக்டர் சான்றோடு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தெரியாமலே விடுப்பைச் சம்பளமில்லாமல் கழிப்பவர்கள் ஏராளம்.

சொந்த ரப்பரைத் தானே வெட்டும் முதியவர்கள், வாரம் ஒரு வெட்டு முறை பற்றி ரப்பர் வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். மருந்து தடவி இடைவெளி விட்டு வெட்டுவது. முட்டுக்கு ஆறு நாள் ஓய்வு.

கடைசியாக முகவரி. பாறசாலையில் மகன் வீட்டில் ஆறு மாதம், மார்த்தாண்டத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் என்று இருக்கும் அப்பா அம்மாக்கள் இங்கே சகஜம். கேரளத்தில் படுத்த படுக்கையானவரைப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீடு தேடித் தருகிறது. இரண்டும் அந்தந்த ஊர்ப் பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான். எல்லையில் களியக்காவிளை தாண்டுவதற்கு ஒரு வாரம் முன்பே போகும் ஊர் சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு மாத மாத்திரை கையில் இருக்கட்டும்.

பையில் பழைய சீட்டோடு அந்தக் காலண்டர் தாளையும் வையுங்கள். டாக்டர் “என்ன?” என்று கேட்டதும் முதலில் சொல்ல வேண்டியது அந்த நாள் கணக்கைத்தான்.