வாழைக்கு ஊற்றத் துணிவாயா?

வாலாஜாபேட்டை,
தை மாதம்.

அன்பு மகளுக்கு,

ஆம்பூரில் புதுக்குடித்தனம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. குளியலறை கழுவினால் இருமல் நிற்பதில்லை, பாத்திரம் தேய்த்தால் விரலிடுக்கில் அரிப்பு என்று எழுதியிருக்கிறாய். "கடையில் வாங்கினதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இயற்கைக்கு மாறப் போறேன் பெரியம்மா, பட்டியல் அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாய். பட்டியல் தருகிறேன். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். நிதானமாக உட்கார்ந்து படி.

உன் கொள்ளுப்பாட்டி வீட்டுப் புழக்கடை உனக்கு நினைவிருக்காது. கிணற்றடியில் ஒரு துவைகல், அதை ஒட்டிப் பாத்திரம் தேய்க்கும் மேடை, அங்கிருந்து சின்னதாக ஒரு வாய்க்கால், அதன் முடிவில் நான்கு வாழை. பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும், பித்தளைக்குப் புளி, தலைக்குச் சீயக்காய், பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை. எல்லாத் தண்ணீரும் வாழைக்குத்தான் போகும். அந்த வாழை குலை தள்ளும். பாட்டி யாரிடமும் தத்துவம் பேசியதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பரிசோதனை தினமும் நடந்துகொண்டிருந்தது. கழுவிய தண்ணீரில் கெடுதல் இருந்தால் வாழை காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு சலவைத் தூள் வந்தது. 1959இல் சர்ஃப் இந்தியச் சந்தைக்கு வந்தது, 1969இல் நிர்மா. எங்கள் வீட்டுக்கு நீலப்பொடி, பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அம்மாவின் முதுகுக்கு அவை தந்த ஓய்வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே சமயம் வாய்க்காலை மூடிக் குழாய் போட்டோம், தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போனது, வாழை போய்விட்டது. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது.

உனக்கு நான் தர விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். ஒரு பொருளை வாங்கும்போதும் சரி, வீட்டில் காய்ச்சும்போதும் சரி, இந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றத் துணிவேனா என்று கேட்டுக்கொள்.

இந்தக் கேள்வியைக் கேட்க நம் மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, வாலாஜா எல்லாமே பாலாற்றின் கரையோரத்து ஊர்கள். நீ இருப்பது மேலே, நான் இருப்பது கீழே. ஆறு பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். உன் தெருச் சாக்கடை இறங்குவதும் அந்த மணலில்தான்.

தோல் பதனிடும் டேனரிகள் இதை நமக்குக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தன. உன் தாத்தா டேனரியில் வேலை பார்த்த சம்பளத்தில்தான் நானும் உன் அம்மாவும் படித்தோம். அந்தத் தொழிலைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் நடந்ததை மறைக்கவும் கூடாது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு, பதனிடும் குரோமியம், சுண்ணாம்பு, சல்பைடு எல்லாம் கழிவுநீரோடு பல ஆண்டுகள் மண்ணில் இறங்கின. கிணறுகள் உவர்த்தன. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரை அந்த வழக்கால்தான் படிக்கிறார்கள்.

ராணிப்பேட்டையில் குரோமிய உப்புகள் தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சக்கணக்கான டன் கழிவு அங்கேயே மலையாகத் தங்கிவிட்டது. 2006இல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இந்த ராணிப்பேட்டையும் இருந்தது. 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஒரு முறை மண்ணில் இறங்கிய அழுக்கு எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பதற்கு இந்த ஆண்டுக் கணக்கே போதும்.

உன் அடுப்படியையும் ஒரு டேனரியையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. தொழிற்சாலை செய்ய வேண்டியதை நீ பூந்திக்கொட்டை காய்ச்சிச் சரிசெய்துவிட முடியாது. ஆனால் தன் வீட்டுத் தண்ணீர் போகும் வழி தெரிந்தவள்தான் ஊர்த் தண்ணீரைப் பற்றி அதிகாரியிடம் தெளிவாகக் கேட்பாள்.

இன்னொன்று. இயற்கை என்ற சொல்லிடம் ஏமாந்துவிடாதே. குரோமியம் வருமுன் நம் பக்கத்தில் தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிவது பட்டையில் வாரக்கணக்கில் ஆகும். அதிலும் கழிவுநீர் உண்டு. துவர்ப்புச் சாறு கலந்த அந்தக் கருஞ்சிவப்பு நீரை அப்படியே குளத்தில் விட்டால் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன் செத்துவிடும். குரோமிய நஞ்சு அதில் இல்லை, பட்டை நல்லதுதான். ஆனாலும் அளவும் கையாளும் முறையும் தவறினால் நல்லதும் கெடுதல் செய்யும். வீட்டிலும் இதே கணக்குத்தான். கொசுவத்திப் புகை ஆகாது என்று வேப்பிலை மூட்டம் போடுகிறார்கள். நெஞ்சுக்குள் போனால் வேப்பம்புகையும் புகைதான். இருமல் உள்ள நீ கொசுவலை கட்டிக்கொள்.

உன் இருமலுக்கு வருகிறேன். உன் வயதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குளியலறைத் தரையில் உப்புக்கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றினேன். அப்படியும் போகாததால் மேலே பிளீச்சிங் பவுடர் தூவினேன். மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழும்பியது, மூச்சு அடைத்துக்கொண்டது. உன் அம்மா கதவைத் தள்ளி என்னை இழுத்து வெளியே போட்டாள். ஒரு வாரம் பேசினால் இருமல். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். எலுமிச்சையும் வினிகரும்கூட அமிலம்தான். அவற்றைக் கலந்தாலும் அதே வாயுதான். தரை, கழிவறை கழுவும் எந்த இரண்டு பொருளையும் சேர்த்துக் கலக்காதே. நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பாயானால் இதை வைத்துக்கொள்.

மெல்ல மெல்ல வரும் கேடும் உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒரு கணக்கை 2018இல் வெளியிட்டார்கள். துப்புரவு வேலை செய்த பெண்களுக்கும், தன் வீட்டைத் தானே சுத்தம் செய்த பெண்களுக்கும் நுரையீரல் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. அதனால் பீய்ச்சும் ஸ்பிரே பாட்டிலை முதலில் விடு. கழுவும் திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைத்தால் காற்றில் பறக்காது. கழுவும்போது சன்னலைத் திற. இந்த இரண்டுக்கும் காலணா செலவில்லை. பத்து நாளில் இருமல் தணியவில்லை என்றால் மருத்துவரைப் பார்; கஷாயத்தை நம்பி உட்காராதே.

இனிப் பட்டியல்.

பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கேள். இருபது கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவை. காலையில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் பிசைந்து வடிகட்டு. அதன் தோலிலுள்ள சபோனின்தான் நுரைக்கிறது. சோப்பு அளவுக்கு நுரை வராது. நுரை குறைந்தால் அழுக்கு போகவில்லை என்று அர்த்தமில்லை. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடு. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். எண்ணெய்ச் சட்டியை முதலில் காகிதத்தாலோ பழந்துணியாலோ துடைத்துவிட்டு வெந்நீரில் ஊறவை. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். விரலிடுக்கு ஆறும்வரை கையுறை போட்டுக்கொள்.

சாம்பலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விறகுச் சாம்பல் நல்லது. ஆனால் நம் ஊர்ப்பக்கத்தில் குப்பையோடு தோல் வெட்டுத் துண்டுகளையும் போட்டு எரிப்பவர்கள் உண்டு. குரோமியம் ஏறிய தோலை எரித்தால், அதிலுள்ள சாதுவான குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகையாக மாறக்கூடும். எதை எரித்த சாம்பல் என்று உனக்கே தெரிந்தால் மட்டும் கையில் எடு.

பக்கெட்டிலும் குழாயிலும் படியும் வெள்ளைப் படிவத்துக்கு எலுமிச்சை உப்பு. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு கரண்டி கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய். அது சுண்ணாம்புப் படிவம், அமிலத்தில் கரைந்துவிடும். இதே காரணத்தால் மொசைக், மார்பிள் தரையில் இதை ஊற்றாதே, தரையே அரித்துப்போகும்.

துணிக்குச் சொல்கிறேன். நம் போர்த் தண்ணீர் கடினநீர். சோப்பு அதில் நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு துணியில் ஒட்டும். நுரை வரவில்லையே என்று நாம் தூளை அள்ளி அள்ளிப் போடுகிறோம். முதலில் கொஞ்சம் சலவை சோடா கரைத்தால் கடினம் குறையும், தூள் பாதி போதும். ஆனால் சோடா கலந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதே, மண் இறுகிவிடும். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீர். வெள்ளைத் துணிக்கு நல்ல வெயில்.

ஆப்பச் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பாய். பொங்கி முடிந்ததும் இரண்டும் ஒன்றையொன்று தணித்துவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு.

விடக்கூடாதவையும் உண்டு. கை கழுவச் சோப்பு வேண்டும். பூந்திக்கொட்டை அதற்கு மாற்று ஆகாது. வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால் கழிவறைக்குப் பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். தனியாக, அளவாக, சன்னல் திறந்து. மேல்நிலைத் தொட்டியைக் கழுவும்போதும் அதுவே நல்லது.

குடிநீர் எல்லாவற்றையும்விட முக்கியம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். தேத்தாங்கொட்டை உரசினால் கலங்கல் தெளியும், கரைந்த உப்பு தெளியாது. உன் வீட்டுப் போர்த் தண்ணீரை ஒரு முறை பரிசோதிக்கக் கொடு. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. முடிவு கைக்கு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. வீட்டில் இருக்கும் பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். கொட்டினால் எங்கே வரும் என்று இப்போது உனக்குத் தெரியும். அவற்றை அளவாகப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, மறுபடி வாங்காமல் இரு. இந்த மாதம் பாத்திரம், அடுத்த மாதம் துணி. வேலைக்குப் போய்வரும் நீ ஒருத்தியே எல்லாவற்றையும் காய்ச்சி வடிகட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பூந்திக்கொட்டை உடைக்க உன் வீட்டுக்காரருக்கும் இரண்டு கை உண்டு.

உன் வீட்டுப் பின்பக்கம் நான்கடி மண் இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். அடுத்த வாரம் வருகிறேன். ஒரு படி பூந்திக்கொட்டையும், இப்போது நம் வீட்டில் நிற்கும் வாழையின் பக்கக்கன்று ஒன்றும் கொண்டுவருகிறேன். அடுப்படித் தண்ணீரை அதற்குத் திருப்பிவிடுவோம். நீ சரியாகச் செய்கிறாயா என்று என்னிடம் போனில் கேட்க வேண்டியதில்லை, அது சொல்லும்.

அன்புடன்,
பெரியம்மா